உப்புத் தராசின் பேட்டரி

பழைய டிஸ்க் மூன்று வாரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு செருமலுக்கும்
பதினைந்து வருடக் கணக்கு ஒரு படி கீழே இறங்குவதுபோல் இருக்கும் எனக்கு.
லியெபாயாவில் நவம்பர். துறைமுகக் காற்று
பேக்கரியின் பின்கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு வரும்.
வாங்கி வந்த புது டிஸ்க்
ரஸ்க் துண்டைவிட மெலிசு.
சுழல எதுவுமில்லை, அதனால் தேயவும் எதுவுமில்லை என்றான் கடைக்காரன்.

இரவெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகல் ஓடியது.
மாவைப் பிசைந்தபடியே இல்க்வார்ஸ் கேட்டான்:
"பழையதில் இருக்கும் பிழைகளும் சேர்ந்துதானே போகும்?"
"போகும். கடன்காரர்களும்."

அதிகாலை மூன்று மணி. நான்கு திருகாணிகள்.
பொத்தானை அழுத்தினேன்.

கறுப்பு.
இடது மூலையில் ஒரு சின்னக் கோடு
மினுக், மினுக்,
பேச எழுந்து பேச்சு மறந்தவர் மாதிரி.

கேபிளை மாற்றினேன்.
மாற்றிய கேபிளை மாற்றினேன்.
இரண்டு டிஸ்க்கையும் சேர்த்தே மாட்டிப் பார்த்தேன்.
ஒரே பாஸ்போர்ட்டோடு இருவர் வந்து நின்றால்
எல்லைக் காவலர் என்ன செய்வாரோ அதைச் செய்தது:
ஒருவரையும் உள்ளே விடவில்லை.
பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு என்பது இல்க்வார்ஸின் யோசனை.
அடுப்புக்கு அது இருமுறை பலித்திருக்கிறதாம்.

கடைசியில் நீலத் திரைக்குள் இறங்கினேன்.
மவுஸ் நுழையாத இடம், அம்புக்குறிதான் நடக்கும்.
துவக்க வரிசையில் முதலில் பிளாப்பி!
அந்த வாயை நாங்கள் தகரம் வைத்து அடைத்து வருடங்களாயிற்று.
அதற்கும் கீழே, டிஸ்க்கோடு பேசும் முறை: புதியது.
நகலாகி வந்த விண்டோஸுக்குத் தெரிந்ததோ பழைய முறை மட்டும்.
இரண்டையும் மாற்றிச் சேமித்தேன்.
திரை வெளுத்தது. கணக்குகள் வந்தன,
கடன்காரர்கள் உட்பட.
இல்க்வார்ஸ் மாவுக் கையாலேயே கை தட்டினான்,
கீபோர்டில் வெள்ளையாய் ஒரு தூறல்.

அன்றிரவு
பத்திரமாக இருக்கட்டும் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.
இந்தப் பெட்டியின் பிளக்கை
அதற்கு முன் யாரும் பிடுங்கியதில்லை,
முந்தின இரவு நான் மூடியைத் திறந்தபோது தவிர.

காலையில் மறுபடி கறுப்பு. அதே கோடு.
வேன் வெளியே உறுமிக்கொண்டு நிற்கிறது.
மறுபடி நீலம், மறுபடி அம்புக்குறி, மறுபடி சேமி.
வந்தது. எதையும் பார்க்காமல் பில்களை அச்சடித்து
ரொட்டித் தட்டுகளின் மேல் செருகி அனுப்பினேன்.

பத்து மணிக்குத் துறைமுகக் கேன்டீனிலிருந்து மிர்த்ஸா:
"நாற்பது ரை ரொட்டி, ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
அப்போது நாம் லாத்ஸில் அல்லவா கொடுத்தோம்?
என் மேஜை இழுப்பறையில் கொஞ்சம் கிடக்கிறது.
அனுப்பட்டுமா?"

அவள் சிரித்து முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.
டிஸ்க்கில் குற்றமில்லை. கேபிளிலும் இல்லை.
பதினைந்து வருடக் கணக்கை ஒன்றுவிடாமல் வைத்திருக்கும் பெட்டிக்கு
அது எங்கே இருக்கிறது என்பது மட்டும்
மின்சாரம் போனால் மறந்துபோகிறது.
அந்த ஒரு வரி ஞாபகத்தைக் காத்துவந்தது
பலகையின் மூலையில் ஒரு காசு அளவு பேட்டரி.
எப்போது செத்ததோ, யாருக்கும் சொல்லவில்லை.

கடைத்தெருவுக்குப் போய்வர நேரமில்லை. தேடினேன்.
கார் சாவியில் இருந்தது சிறியது.
சுவர்க் கடிகாரத்தில் இருந்தது நீளமானது.
உப்பு நிறுக்கும் தராசைக் கவிழ்த்தேன்.
அதே அளவு. அதே எண்.

பிளக்கைப் பிடுங்கினேன். நூறு வரை எண்ணினேன்.
மாட்டினேன்.
நேரே எழுந்தது, எதையும் கேட்காமல்.

அன்று இல்க்வார்ஸ் உப்பைக் கையால் அள்ளிப் போட்டான்.
ரொட்டி சற்றுக் கரித்தது.
கேன்டீனில் சூப் குறைவாக விற்றது, பீர் கூடுதலாக விற்றது
என்று மிர்த்ஸா சொன்னாள்; புகாராக அல்ல.

மாலை, எண்கள் அணைந்த தராசைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்றேன்.
அவன் என் தோளுக்கு மேலாகத்
திரையின் மூலையை எட்டிப் பார்த்துவிட்டு,
"எந்த வருடத்து நாளைக்கு?" என்றான்.